மஞ்சள் கண்ணாடி மண்டபம்

வெள்ளை வேட்டியோடு வருவான். மூடிய ஜன்னல் வழியாகவே உள்ளே நுழைவான். நுழைந்த பிறகு பார்த்தால் மஞ்சள் வேட்டி கட்டியிருப்பான். யார் அவன், சொல்லுங்கள்?

வெயில் என்கிறீர்களா? சரிதான். ஜன்னலில் இருந்தது மஞ்சள் கண்ணாடி.

அது வேலவகிரி சுவாமியின் ஆசிரமத்துத் தியான மண்டபம். சுற்றிலும் மஞ்சள் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே உட்கார்ந்தால் எந்த முகமும் பொன்னாய் மின்னும். "சுவாமி பக்கத்தில் இருந்தாலே தேஜஸ் வந்துவிடுகிறது" என்று ஊர் கும்பிட்டது.

வருஷத்துக்கு ஒரு முறை அங்கே மண்டல விரதம். விரதம் முடியும்வரை பகலில் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. விடியுமுன் இருட்டிலேயே ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பகலில் ஒருவர் தாண்டினாலும் எல்லோருடைய விரதமும் முறிந்துவிடும். தாண்டியவருக்கு மறுபடி ஆசிரமத்தில் இடமில்லை.

சுவாமியின் சிஷ்யை வஞ்சிக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கும் தம்பி நல்லானுக்கும் ஆசிரமத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

விரதம் பாதி கடந்திருந்தது. நல்லான் சோறு வேண்டாமென்று சுருண்டு சுருண்டு படுத்தான். "தூங்குமூஞ்சி" என்று வஞ்சி சீண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு முற்பகலில் ஜன்னல் மூலையிலிருந்து கண்ணாடிச் சில்லு ஒன்று உதிர்ந்தது. ஓட்டை வழியே வெள்ளை வெயில் தரையில் விழுந்தது. வஞ்சி அதில் கையை நீட்டினாள். கை மஞ்சள் நீங்கி அதன் சொந்த நிறத்தில் இருந்தது.

"நீயும் பிடிடா!"

நல்லான் படுத்தபடியே கையை நீட்டினான். அவன் கை மஞ்சளாகவே இருந்தது.

"கையில மஞ்சளா பூசியிருக்கே?"

"நான் என்ன கல்யாணப் பொண்ணா? போக்கா."

வஞ்சி அவன் முகத்தை வெயிலுக்கு இழுத்தாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. அவள் சுவாமியிடம் ஓடினாள்.

"சுவாமி, தம்பிக்கு மஞ்சள் காமாலை."

"இங்கே எல்லோரும் மஞ்சள்தானே, குழந்தாய்."

"ஓட்டை வெளிச்சத்தில் பார்த்தேன் சுவாமி. வந்து பாருங்கள்."

சுவாமி வந்தார். குனிந்து பையனின் கண்ணைப் பார்த்தார். வெள்ளை வெயில் அவர் முகத்திலும் பட்டது. வஞ்சி அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. களைத்துப்போன ஒரு கிழவரின் முகம்.

"இந்தக் கண்ணாடி பொய் சொல்கிறதா, சுவாமி?"

"கண்ணாடிக்குப் பொய் தெரியாது. வருகிற வெளிச்சத்தில் மஞ்சளை உள்ளே விடும். மற்றதைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும்."

"நிறுத்திக்கொண்டு என்ன செய்யும்?"

"சூடாகும். தொட்டுப் பார்."

வஞ்சி தொட்டுப் பார்க்கவில்லை. "வைத்தியரிடம் போக வேண்டும், சுவாமி."

"விரதம் முடியட்டும்."

"ஏன்?"

"நம் முகத்தில் தெரிவது தேஜஸ் என்று ஊர் நம்புகிறது. ஒரு பையன் முகத்தில் தெரிந்தது நோய் என்று நாமே சொன்னால், மற்ற முகங்களை ஊர் என்னவென்று நினைக்கும்?"

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த காவித் துண்டை எடுத்தார். சுருட்டி ஓட்டையில் அடைத்தார். தரையில் கிடந்த வெள்ளை வெயில் போய்விட்டது. சுவாமியின் முகம் மறுபடி மின்னியது. நல்லானின் முகமும்தான்.



"அதுவரை தாங்குவானா, சுவாமி?"

சுவாமி நல்லானை வெகுநேரம் பார்த்தார்.

"இங்கிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறான், குழந்தாய்."

வஞ்சி தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அப்போது நடுப்பகல்.