மீன்கள் போட்ட கும்பிடு

காட்டோரக் குளம் ஒன்றில் நெடுங்காலன் என்ற நாரை இருந்தது. கரையில் நின்ற கருவேல மரத்தில் அதன் கூடு. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள். மீன் பிடிப்பதில் நாரை கெட்டிக்காரன்தான். ஆனாலும் தன்னை யாரும் மதிக்கவில்லையே என்ற குறை அதன் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அது ஆற்றிலிருந்து ஓர் ஆகாயத்தாமரைச் செடியைக் கவ்வி வந்து குளத்தில் போட்டது.

"ராஜா இருக்கிற எடம்னா பூ வேணாமா?" என்றது.

செடி மிதந்தது, பரவியது, கொஞ்ச நாளில் குளத்தையே மூடிவிட்டது. நாரைக்குத் தலைகால் புரியவில்லை. நடுக்குளத்தில் இலைமேல் ஏறி நின்று, ஊதாப் பூக்களுக்கு நடுவே கழுத்தை வளைத்து அழகு பார்த்துக்கொண்டது!

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. விடிந்ததும் கெண்டை மீன்கள் இலைச் சந்துகளில் கூட்டமாக மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

சொறியன் என்ற தவளை பக்கத்தில் வந்து குந்தியது. யாரிடம் என்ன சொன்னால் காரியம் நடக்கும் என்று அதற்குத் தெரியும்.

"ராஜா! பாத்தீங்களா? உங்களக் கும்பிட வந்திருக்குதுங்க! வாய் ஓயாம உங்க புகழத்தான் பாடுதுங்க!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்!" என்றது நாரை. கும்பிட வந்தவற்றில் நாலைக் கொத்திக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோனது. துரத்திப் பிடிக்கும் வேலையும் மிச்சம்!

விரால் மீன் ஒன்று தலையை நீட்டியது. "யோவ் நாரை! அது கும்பிடு இல்லய்யா, மூச்சுத் திணறல்! குளத்த இப்படி மூடிட்டா தண்ணிக்குக் காத்து ஏது, வெளிச்சம் ஏது? செடிய இழுத்துப் போடு!"

"நீ மட்டும் நல்லாத்தானே இருக்கே?"

"நான் விரால். மேல வந்து காத்தக் குடிச்சுப் பொழச்சுக்குவேன். கெண்டைக்கு அது முடியுமா?"

"பொறாமை ராஜா, பொறாமை!" என்றது தவளை.

"அதானே!" என்றது நாரை. விரால் அலுத்துப்போய் முங்கிவிட்டது.

பிறகு வானம் மூட்டம் போட்டது. காற்று அசையவே இல்லை. ஒருநாள் காலையில் நாரை வந்து பார்த்தால், குளத்துக் கெண்டைகள் அத்தனையும் சரிந்து கிடந்தன.

"அடடா! இன்னிக்குச் சாஷ்டாங்கமாவே விழுந்துட்டீங்களா? போதும், எந்திரிங்க!"

ஒன்றும் எழவில்லை. ஒரு மீனை அலகால் புரட்டியது. வெள்ளை வயிறு மேலே வந்தது. நாரை அலறியது.

"சொறியா! என்னடா இது?"

தவளை அங்கே இல்லை. வேறொரு ராஜாவைத் தேடிப் போயிருந்தது.

நாரை வெறிபிடித்ததுபோல் செடிகளைப் பிடுங்கிக் கரையில் எறிந்தது. அலகு கிழிந்து ரத்தம் வந்தது. பிடுங்கப் பிடுங்கச் செடி மிச்சமிருந்தது. மறுநாள் செத்த மீனெல்லாம் அழுகி நாறின. குஞ்சுகள் பசியில் கத்தின. அவற்றுக்குப் பறக்கத் தெரியாது, அதனால் வேறு குளம் பார்த்துப் போகவும் வழியில்லை.

நாரை தொலைவில் இருந்த ஆற்றுக்குப் பறந்தது. ஒரே ஒரு மீனோடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடைக்குட்டியின் வாயருகே மீனை நீட்டியது. அந்த வாய் திறக்கவில்லை.

தண்ணீர் மாறும்போது காரணம் தேடாமல், அதைத் தனக்கு வந்த மரியாதை என்று மயங்குகிறவன் தன் பிள்ளைகளின் சோற்றிலேயே மண்ணைப் போடுகிறான்.