வண்டியடி முயல்

பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் அந்த ஊர்ப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து முயல் வேட்டைக்குப் போவார்கள். கறியை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள். பங்கு வராத வீட்டைப் பங்காளி வீடாக யாரும் மதிப்பதில்லை.

சேவுகனுக்கு இரண்டு கால்களும் சூம்பிப்போனவை. அப்பா இறந்துவிட்டதால் இந்த வருஷம் வீட்டுக்கு அவன்தான் ஆள். மாட்டுவண்டியில் வந்திருந்தவனைப் பெரியப்பா மலையாண்டி ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓடுறவனுக்குத்தான்டா பங்கு. வண்டியை விட்டு இறங்காம ஒரு முயலைப் பிடி, தர்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“சரி பெரியப்பா” என்றான் சேவுகன்.

வண்டிக்காரரிடம் சொல்லிப் புதரோரமாக வண்டியை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து அனுப்பினான். சக்கரங்களுக்கு நடுவே வலையை விரிக்கச் செய்து, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான். நாற்பது பேர் தகரம் தட்டிக் கூச்சல் போட்டுக் காட்டையே கலக்கினார்கள். சத்தமில்லாத ஒரே இடம் அந்த வண்டியடிதான். மிரண்டோடிய முயல் நேராக அங்கே வந்து புகுந்தது. சேவுகன் கயிற்றைச் சுண்டினான்.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “நாங்க விரட்டாம அது எப்படிடா உன்கிட்ட வரும்? இது எல்லாரும் சேர்ந்து பிடிச்ச முயல்!”

“நான் தனியாப் பிடிச்சதுன்னா, நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேன். சேர்ந்து பிடிச்சதுன்னா, அந்த எல்லாரிலே நானும் ஒருத்தன். எதுன்னு நீங்களே சொல்லுங்க பெரியப்பா.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா குனிந்து வலையிலிருந்து முயலை எடுத்தார். பிறகு கறி வெட்டுகிறவரிடம் திரும்பி, “முதல் பங்கை வண்டியில வையி” என்றார்.