பூவாயி கொண்டுபோன கஞ்சி

உப்பளத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தி இருந்தா. வீட்ல அவளும் அவளப் பெத்த ஐயாவும் மட்டுந்தான். கால ஆட்டாம ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊருக்கு இருமல் காய்ச்சல் வந்துச்சு. வீட்டுக்கு வீடு லொக்கு லொக்குன்னு சத்தம். பூவாயியும் பத்து நாள் படுத்த படுக்கையாக் கெடந்து எந்திரிச்சா. அங்க ஒரு வழக்கம். காய்ச்சல் வந்து பொழச்சவங்கள அது மறுபடி தொடாதாம். அதனால அவங்கதான் நோயாளி வீட்டுக்குள்ள போயி கஞ்சி ஊட்டணும்.

அப்புறம் அடுத்த வருசமே காய்ச்சல் திரும்பி வந்துச்சு. பூவாயி கஞ்சிச் சட்டியோட வீடு வீடாப் போனா. அவளுக்கு ஒண்ணுமே ஆகல. உடம்பு அந்தக் காய்ச்சல நல்லா ஞாபகம் வச்சிருந்து, வந்த வழியே வெரட்டிருச்சு.

அப்புறம் நாலு வருசம் கழிச்சு வந்துச்சு. அப்பவும் போனா. தொண்டை கரகரன்னுச்சு, ஒரே நாளு. "பாத்தியா, பூவாயிய அது தொடாது"ன்னு ஊரே மெச்சுச்சு. உடம்புக்கு ஞாபகம் மங்குறது யாரு கண்ணுக்குத் தெரியுது?

"ம்."

அப்புறம் பன்னெண்டு வருசம் ஓடிப்போச்சு. நாலாந்தடவ வந்த காய்ச்சல் கொஞ்சம் உருமாறி வந்துச்சு. பூவாயி போனா, ஊட்டுனா, வீட்டுக்கு வந்து அச்சு அச்சுன்னு ரெண்டு தும்மல். அவ உடம்பு தட்டுத்தடுமாறியாவது அடையாளம் கண்டு சமாளிச்சிருச்சு.

"ஐயா, லேசா சளி புடிச்சிருக்கு. நான் வெளிய படுத்துக்கவா?"

"அட போ புள்ள. எனக்குந்தான் வாலிபத்துல வந்துச்சு. என்ன பண்ணிரும்? சோத்தப் போடு."

அவளும் பக்கத்துல உக்காந்து போட்டா. வாலிபத்துல வந்தது, அந்தக் கெழட்டு உடம்புக்கு எங்க ஞாபகம் இருக்கும்? மூணாம் நாளு லொக்கு லொக்கு. அப்புறம் நெஞ்சுக்குள்ள கர்ர் கர்ர். ஏழாம் நாளு சத்தமே இல்ல.

"செத்துட்டாரா?"

ஆமா கண்ணு.

பூவாயி அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. "நான்தானே கொண்டாந்தேன், என் கையாலதானே போட்டேன்"னு மாருல அடிச்சுக்கிட்டா. கோவப்படணும்னா அந்த ஊரு மேலதான் கோவப்படணும். மெச்சுனவங்கள்ல ஒருத்தராவது, அவ வீட்லயும் ஒரு கெழவரு இருக்காருன்னு நெனச்சாங்களா?

அப்புறமும் ஒரு வருசம் காய்ச்சல் வந்துச்சு. ஊர்க்காரங்க வந்து கூப்புட்டாங்க. போகமாட்டான்னு நெனச்சேல்ல? போனா. எல்லாருக்கும் கஞ்சி ஊட்டுனா. ஆனா திரும்பி வந்து வீட்டுக்குள்ள போகல. வாசல்லயே பாய விரிச்சுட்டா. ஒருநாளு, ரெண்டுநாளு, ஏழுநாளு.

பக்கத்து வீட்டு செவந்திக்குப் பொறுக்கல. "உள்ளதான் யாருமே இல்லியேடி, யாருக்காக இப்படி வெயில்லயும் பனியிலயும் கெடக்குற?"

"அன்னிக்குக் கெடந்திருக்கணும் செவந்தி"ன்னா பூவாயி.

அவ்வளவுதான் கதை. போர்வைய இழுத்துக்கோ, கண்ண மூடு.