கோணப்பட்டிக்கு வந்த பௌஹௌஸ்

கோணப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அங்கே யாரும் அதைச் செலவழித்தது கிடையாது.

அந்த ஊரில் பரஞ்சோதி, செல்லப்பா, நாகலிங்கம் என்று மூன்று சகோதரர்கள். அவர்களுக்கு ஒரே தங்கை குணவதி. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அண்ணன்மாரைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். இந்த முறை வந்திருப்பது ஜெர்மனியில் கட்டடக்கலை படித்த வரன். படத்தைப் பார்த்தே குணவதிக்குப் பிடித்துவிட்டது.

தரகர் வந்து எச்சரித்தார். “மாப்பிள்ளைக்கு பௌஹௌஸ் பாணின்னா உசிரு. பூவேலை, கொடிவேலை ஆகாது. எல்லாம் சதுரம், வட்டம், நேர்கோடு. சிவப்பு, மஞ்சள், நீலம். முக்கியமா, பயன் இல்லாத ஒண்ணும் வீட்டுக்குள்ளே இருக்கக் கூடாதுங்கறார். வெள்ளிக்கிழமை வர்றோம், வீட்டை மாத்துங்க.”

“இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா இந்த வீட்டுல உலை வைக்க மாட்டேன்,” என்றாள் குணவதி.

அண்ணன்மார் அப்போதே வேலையில் இறங்கினார்கள். ஓடாத சுவர்க்கடிகாரம் முதலில் தெருவுக்குப் போனது. அடுத்தது ஊஞ்சல்.

“காலையிலேர்ந்து ஆடறேன். ஒரு அடி நகரலையே!” என்றார் செல்லப்பா.

மழை இல்லாததால் குடை போனது. பட்டப்பகலில் எதற்கென்று பல்புகளைக் கழற்றினார்கள்.

“ராத்திரிக்கு?” என்று கேட்டார் நாகலிங்கம்.

“அப்போ மட்டும் உள்ளே எடுத்து வெச்சுக்கலாம்டா. பாணி கெடக் கூடாது,” என்றார் பரஞ்சோதி.

வெள்ளிக்கிழமை பலகாரத்துக்கும் சோதனை வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வட்டம் என்பதால் தேறியது. கேசரி மஞ்சள், அதுவும் தேறியது. தேங்காய்ச் சட்னி வெள்ளை. செல்லப்பா அதில் சொட்டு நீலம் விட்டார். குணவதி அழுதுகொண்டே அதைச் சாக்கடையில் கொட்டினாள்.

வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நாகலிங்கத்துக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

“அண்ணே, நாம மூணு பேரும் எதுக்குப் பயன்?”

மூவரும் விரல்விட்டு எண்ணி எண்ணி யோசித்தார்கள்.

“நீ சொல்லும்மா,” என்றார் பரஞ்சோதி.

குணவதி யோசிக்கவே இல்லை. “வெளியே போங்க.”

மூவரும் போய்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள்.

கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் உள்ளே போனார்கள். பின்னால் போன மாப்பிள்ளையை வாசலில் பரஞ்சோதி மறித்தார்.

“பேசப்போறது உங்க அப்பா. பெண்ணைப் பார்க்கப்போறது உங்க அம்மா. நீங்க உள்ளே போய் என்ன செய்யப்போறீங்க?”

மாப்பிள்ளை கொள்கைக்காரர். கண்ணை மூடி யோசித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தார்.

உள்ளே அண்ணன்மார் யாரும் இல்லாததால் பேச்சு சுமுகமாக முடிந்தது. முகூர்த்தமே குறித்துவிட்டு அப்பா வெளியே வந்தார்.

“அடேய், நிச்சயம் ஆயிடுச்சு. உள்ளே வந்து பெண்ணைப் பாருடா!”

ஜன்னலில் குணவதியின் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை ஆசையோடு பாதி எழுந்தார். பரஞ்சோதி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

“அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. தாலி கட்ட ஆள் வேணும், இல்லேங்கலை. நேரம் வந்ததும் நாங்களே உங்களை உள்ளே எடுத்து வெச்சிடுவோம்.”

மாப்பிள்ளை திரும்பி ஓடாத கடிகாரத்தைப் பார்த்தார்.

“நானும் வந்ததிலேர்ந்து பார்க்கறேன்,” என்றார் நிம்மதியாக. “இன்னும் நேரமே ஆகலை.”