எது இறங்குது?

கிட்ட வாங்க, இன்னும் கிட்ட. கடைசியில் உட்கார்ந்திருக்கிற பாப்பா, நீயும் நகர்ந்து வா. நடுவில் ஓர் இடத்தில் நானே கத்திவிடுவேன். அப்போது யாரும் எழுந்து ஓடக் கூடாது, சரியா?

ஒரு காட்டில் ஒரு கரடு இருந்தது. கரடு என்றால் மலை என்றும் சொல்ல முடியாது, மேடு என்றும் சொல்ல முடியாது. கல்லும் மண்ணுமாக நடுக்காட்டில் குந்தியிருக்கும். அதன் கிழக்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் வரிசையாக வளைகள். எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் ஏறாது. அதனால் காட்டில் வளையில் குடியிருக்கும் எல்லாருக்கும் கரட்டின் மேல்தான் கண்.

வரகன் என்ற எலிக்கும் அங்கேதான் கண். அவன் குடும்பம் ஓடைக்கரையில் குடியிருந்தது. போன மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து, மூன்று நாள் கருவேல மரக்கிளையில் ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். இந்த வருஷமோ அவன் பெண்சாதி சாமாயிக்கு நிறைமாசம். மழைக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

அந்தக் காட்டில் வீட்டுக்கு விலை கம்பங்கதிர். கரட்டில் ஒரு வளை அறுபது கதிர். வரகன் சேர்த்து வைத்திருந்தது முப்பது. எங்கே போய் வாங்குவது?

ஒரு நாள் காலையில் பட்டுப்போன பனைமரக் கட்டையின் மேல் ஓணான் தரகர் ஏறி நின்று கத்தினார்.

"இறங்குது! கரட்டுல இறங்குது! அறுபதுக்குப் போன வளை இன்னைக்கு நாப்பது!"

வரகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடித்துக்கொண்டிருந்த வேர் வாயிலிருந்து விழுந்தது.

மறுநாள் விலை முப்பது ஆனது. அவனால் நம்பவே முடியவில்லை. இரண்டு காதையும் காலால் தேய்த்துவிட்டு மறுபடி கேட்டான்.

"முப்பதா? நெசமாவா அண்ணே?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"இன்னும் இறங்குமா?"

அதற்கும் ஆட்டினார்.

வரகன் வீட்டுக்கு ஓடினான். "சாமாயி! முப்பதுக்கு வந்துருச்சு!"

"அப்படின்னா வாங்கிடுங்க. எனக்கு மூச்சு வாங்குது. இந்த ஈரத்துல படுக்க முடியல."

"வாங்குறதா? இன்னும் இறங்குமாம்! இருபதுக்கு வாங்கினா பத்துக் கதிர் மிச்சம். பிள்ளைங்க உக்காந்து தின்னலாம்."

சாமாயியின் தங்கை தினைச்சியும் அவர்களோடுதான் இருந்தாள். அவளும் தன் பங்குக்கு ஒரு குவியல் கதிர் சேர்த்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கண் அதைவிட நீளம்.

"மச்சான், எது இறங்குது?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? விலைதான் இறங்குது. வேற என்ன, உன் அக்கா வயிறா இறங்கும்?"

"முதல்ல யாரு சொன்னா?"

"முள்ளெலியார். மேற்குச் சரிவுல இருந்து 'இறங்குது, இறங்குது'ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தாராம். ஓணான் அண்ணன் காதுல விழுந்துச்சு. அண்ணன் ஊருக்குச் சொன்னாரு. அன்னையில இருந்து ஒருத்தரும் வாங்கல. எல்லாரும் என்னை மாதிரிக் காத்துக்கிட்டு இருக்காங்க. காத்துக்கிட்டு இருக்கிறதால இன்னும் இறங்குது. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் தினைச்சி. அதோடு நிற்காமல் முள்ளெலியாரைத் தேடிப் போனாள். வேடிக்கை பார்க்க வரகனும் பின்னால் போனான்.

மேற்குச் சரிவில், விற்கப் போட்டிருந்த தன் வளையின் வாசலில் முள்ளெலியார் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இவ்வளவு நல்ல வளையை எதுக்கு விக்கிறீங்க?"

"காத்து ஒத்துக்கல, அம்மா."

"அன்னைக்கு இறங்குதுன்னு கத்தினீங்களாமே. எது இறங்குச்சு?"

முள்ளெலியார் மூக்கை உள்ளே இழுத்தார். தலையை உள்ளே இழுத்தார், காலை உள்ளே இழுத்தார், ஒரு முள்ளுப் பந்தாகச் சுருண்டுகொண்டார்.

"பாவம், பெரியவர். வெட்கப்படறாரு" என்றான் வரகன்.

தினைச்சி வாசலைப் பார்த்தாள். நிலைக்கல்லுக்குப் பக்கத்தில் குறுகலாக ஒரு வெடிப்பு. கொறிப்பதற்காகக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த புளியங்கொட்டையை எடுத்து, அந்த வெடிப்பில் இறுக்கிச் சொருகினாள்.

மறுநாள் இருவரும் வந்து பார்த்தார்கள். கொட்டையைக் காணோம். வெடிப்பு விரல் அகலத்துக்கு வாயைப் பிளந்திருந்தது.

வரகன் வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "எவனோ ஒரு எலி தின்னிருப்பான்!"

"எலிக்கு எலியே சாட்சியா மச்சான்?"

தினைச்சி நேரே கிழக்குச் சரிவுக்குப் போனாள். அங்கே ஒரு முயலக்கா தன் வளையை விற்க நின்றுகொண்டிருந்தாள். கேட்காமலே காரணம் சொன்னாள்: "ஊரே விக்குதேடி, அதான் நானும் விக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு!"

அந்த வளையின் அடியில் முழுப்பாறை. வாசலில் ஒரே ஒரு பழைய கீறல். தினைச்சி அதிலும் ஒரு புளியங்கொட்டையைச் சொருகினாள். மூன்று நாள் காலையும் மாலையும் வந்து பார்த்தாள். கொட்டை அசையவில்லை. நான்காம் நாள் இருபத்தைந்து கதிரைக் கொடுத்துவிட்டு, வாயில் ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு போய் வளைக்குள் போட்டாள். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். புல் போட்டுவிட்டால் வீடு போட்டவருடையது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

மறுநாள் கிழக்கில் விலை இருபத்திரண்டு ஆனது.

வரகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒரே ராத்திரியில மூணு கதிர் போச்சே கொழுந்தியா! நாளைக்கு இருபது ஆகும். நாளன்னைக்குப் பதினெட்டு. நீ வாசல்ல உக்காந்து அழப்போற."

"ஆகட்டும் மச்சான். நான் விக்கவா வாங்கினேன்? படுக்க வாங்கினேன். நேத்து நல்லாத் தூங்கினேன். நீங்க?"

வரகன் தூங்கவில்லை. எப்படித் தூங்குவான்? கண்ணை மூடினால் விலை, கண்ணைத் திறந்தால் ஓணான்.

"இதோட நின்னுடுமா அண்ணே?" என்று கேட்டால் ஓணான் தலையை ஆட்டுவார். "இன்னும் போகுமா?" என்றாலும் ஆட்டுவார். வரகன் தனக்குப் பிடித்த ஆட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவான்.

"அக்காவை என் வளைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க மச்சான்" என்று தினைச்சி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கொழுந்தியா வீட்டுல ஒண்டிக் கிடக்க நான் என்ன சொந்த வீடு வாங்கத் துப்பில்லாதவனா?" என்றான் வரகன்.

பதினான்காம் நாள் மேகம் கூடியது. கிழக்கே விலை பதினெட்டு. மேற்கே முள்ளெலியாரின் வளை, நம்பினால் நம்புங்கள், ஐந்தே கதிர்!

வரகன் துள்ளிக் குதித்தான். "அஞ்சா! அறுபது கதிர் வளை அஞ்சா!" ஐந்து கதிரைக் கொண்டுபோய் முள்ளெலியார் முன்னால் போட்டான். வளைக்குள் புல்லைப் போட்டான். "சாமாயி, வா வா! நம்ம வீடு!"

சாமாயி மூச்சு வாங்கிக்கொண்டு சரிவேறி வந்தாள். முன்னங்காலைத் தூக்கி வாசலுக்குள் வைத்தாள்.

"அக்கா, நில்லு!" தினைச்சி கீழேயிருந்து பாய்ந்து வந்தாள். "ஒரே ஒரு கொட்டை வெச்சுப் பார்த்துடறேன்."

"இனிமே என்ன பார்க்கிறது?" என்று வரகன் எரிந்து விழுந்தான். "புல் போட்டாச்சு!"

தினைச்சி கொட்டையை வெடிப்பில் வைத்தாள். சொருகக்கூட வேண்டியிருக்கவில்லை. தானாகவே உள்ளே விழுந்தது.

டொக்.

டொக்... டொக்...

டொக்... டொக்... டொக்... விழுந்துகொண்டே இருந்தது. அடி எங்கே என்று தெரியவில்லை.

சாமாயி காலைப் பின்னுக்கு இழுத்தாள். தினைச்சி அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உருண்டு பக்கத்துப் பாறையில் போய் விழுந்தார்கள். வரகன் ஒன்றும் புரியாமல் அவர்கள் பின்னால் தாவினான்.

அப்போது, ஐயோ அம்மா! கண்ணுகளா! மேற்குச் சரிவு முழுசாகக் கிளம்பியது! வளை, வாசல், நிலைக்கல், புல், புதர் எல்லாம் ஒன்றாக, தட்டிலிருந்து களி வழுக்குகிற மாதிரி வழுக்கி, 'தடதடதட' என்று பள்ளத்தில் போய்க் கொட்டியது!

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அவன் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

வரகன் வாய் திறந்தது திறந்தபடி நின்றான். பாறை ஓரத்தில் ஐந்து கதிரைக் கட்டிக்கொண்டு ஒரு முள்ளுப் பந்து கிடந்தது.

"ஐயா!" என்று அலறினான். "விலை இறங்குதுன்னு நீங்கதானே கத்தினீங்க!"

பந்திலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"மண்ணு இறங்குதுன்னு கத்தினேன், தம்பி. விலைன்னு நானா சொன்னேன்?"

மூக்கு உள்ளே போய்விட்டது.

கரட்டில் பாதி போனதும் வளைகளும் பாதியாகிவிட்டன. பனங்கட்டையிலிருந்து ஓணானின் குரல் கேட்டது. "ஏறுது! கிழக்குல ஏறுது! எண்பது! எண்பது!" காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கிழக்குப் பக்கம் ஓடினார்கள். வரகன் தன் இருபத்தைந்து கதிரை நினைத்தான். சாமாயியைப் பார்த்தான். முதல் மழைத்துளி அவன் மூக்கின் மேல் விழுந்தது.

தினைச்சி அக்காளைத் தாங்கிப் பிடித்துத் தன் வளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே, வலதுபக்கம், புதிதாகத் தோண்டிய ஓர் அறை இருந்தது. காய்ந்த இலை மெத்தை போட்டிருந்தது. சாமாயி அதில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"இது எப்போடி தோண்டினே?"

"வாங்கின அன்னைக்கே."

வாசலில் வரகன் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வரவும் கூச்சம், வெளியே நிற்கவும் முடியவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு மெல்லத் தொண்டையைக் கனைத்தான்.

"கொழுந்தியா... மழை விட்டதும் அந்த எண்பது கொஞ்சம் இறங்கும், இல்ல? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தா..."

தினைச்சி தன் வாசல் கீறலில் இருந்த புளியங்கொட்டையைப் பிடித்து இழுத்தாள். அது அன்று சொருகிய இறுக்கத்திலேயே இருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிய கொட்டையைத் திறந்திருந்த மச்சான் வாயில் திணித்து, அவன் காதைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டாள்.

நீதி: குடியிருக்க வீடு தேடுகிறவர், விலை இன்னும் எவ்வளவு இறங்கும் என்று காத்திராமல், ஏன் இறங்குகிறது என்று பார்த்து, மழைக்கு முன் வாங்க வேண்டும்.