பாவாயியோட கிறுகிறு பரிசல்

இங்க வா, கொஞ்சம் தள்ளிப் படு. முட்டியில மருந்து போட்டாச்சுல்ல, இன்னும் எதுக்கு உதட்டைப் பிதுக்கிக்கிட்டு? என்னது, சைக்கிளை எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துடணுமா? சரி, குடுத்துடலாம். அந்தப் பாப்பாவுக்கு இன்னும் நிக்கவே வரல, பரவால்ல. அதைக் காலையில பேசிக்கலாம். இப்போ அத்தை ஒரு கதை சொல்றேன். நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா கதை நடு ஆத்துல நின்னுடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. ம்?

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். அகலமோ அகலம், இந்தக் கரையில இருந்து கத்தினா அந்தக் கரையில கேக்காது. பாலம் கீலம் ஒண்ணும் கிடையாது. சந்தைக்குப் போகணும்னாலும் சரி, கல்யாணத்துக்குப் போகணும்னாலும் சரி, பரிசல்லதான் போகணும். பரிசல் பாத்திருக்கியா? மூங்கில்ல பின்னின பெரிய வட்டக் கூடை, அடியில தார் பூசியிருப்பாங்க. வட்டமா இருக்கறதால அதுக்கு முன்பக்கமும் இல்ல, பின்பக்கமும் இல்ல. துடுப்பைத் தப்பாப் போட்டா முன்னால போகாது. கிறுகிறு கிறுகிறுன்னு சுத்தும்.

அந்த ஊர்ல பாவாயின்னு ஒரு பொண்ணு. அவ அப்பா பரிசல்காரரு. ஆத்தங்கரைத் துறையில வீட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சுப் பரிசல் ஓட்டுவாங்க. அப்பா சாமிகிட்டப் போனதுக்கு அப்புறம், அந்த வீட்டு முறையை யாரு ஓட்டறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. "நான் ஓட்டறேன்"னா பாவாயி. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க.

துறைக்குத் தலைவர் வெள்ளியங்கிரி மாமா. பெரிய மீசை. கட்டின வேட்டி நுனி நனையாம அக்கரை போயிட்டு வருவாரு. "நான் துடுப்பு பிடிச்ச நாள்ல இருந்து என் பரிசல் ஒரு சுத்து சுத்தினதில்ல"ன்னு கேக்காதவங்ககிட்டயும் சொல்லுவாரு. ஆனா கெட்டவர் இல்ல, பாவம், ஏறுறவங்க மேல அக்கறை. அவரு சொன்னாரு, "கண்ணு, மூணு தடவை விட்டுப் பாக்கறேன். நேரா அக்கரை போய்ச் சேந்தா உங்க வீட்டு முறை உனக்கு. இல்லைன்னா பரிசலைக் கவுத்துப் போட்டுக் கோழி அடைச்சுக்க."

அப்பா ராத்திரியும் பகலுமா உக்காந்து பின்னின பரிசல். அதுல கோழியா? பாவாயி பரிசல் விளிம்பைத் தடவிக்கிட்டே, "சரிங்க மாமா"ன்னா.

ம் எங்க? ஆங், அப்படி.

அப்புறம் மொதல் தடவை. ஒரு ஆட்டுக்காரரு ஒரு ஆட்டோட ஏறினாரு. பாவாயி சளக்குனு துடுப்பைப் போட்டா. பரிசல் கிறுக்குனு ஒரு சுத்து. இன்னொரு சளக்கு, இன்னொரு கிறுக்கு. ஆடு ஒரு சுத்துக்கு ஒரு தடவை அக்கரையைப் பாத்து மேங்குது, இக்கரையைப் பாத்து மேங்குது. சுத்திச் சுத்திப் போயி நடு ஆத்துல ஒரு மணல் திட்டுல சொரக்குனு ஏறி நின்னுடுச்சு. ஆட்டுக்காரரு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆடு மட்டும் சந்தோஷமா இறங்கி அங்க இருந்த நாணலை மேஞ்சுது. கரையில நின்ன பசங்க எல்லாம், "கிறுகிறு பாவாயி! கிறுகிறு பாவாயி!"

அவமானமா இருக்காதா பின்ன? இருந்துச்சு. அன்னிக்குச் சோறு இறங்கல அவளுக்கு. ஆனாலும் படுத்துக்கிட்டு யோசிச்சா. நம்ம துறையில இருந்து தானா விட்டா, தண்ணி அந்தத் திட்டுக்குத்தான் இழுக்குது போல.

அப்புறம் ரெண்டாவது தடவை. ஒரு பூசணிக்காக்காரம்மா பூசணிக்காயெல்லாம் அடுக்கிக்கிட்டு ஏறினாங்க. இந்தத் தடவை பாவாயி திட்டைத் தாண்டிட்டா. ஆகான்னு சிரிக்கறதுக்குள்ள, அந்தப் பக்கம் யானைப்பாறைன்னு ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பின்னால ஒரு சுழி. பரிசல் அதுல போய் மாட்டிக்கிச்சு. கிறுகிறுகிறுகிறு! பாவாயி எதிர்ப்பக்கமா துடுப்பைப் போட்டுப் போட்டுப் பாக்கறா, சுழி விடல. பூசணிக்கா எல்லாம் டுபுக், டுபுக், டுபுக்குனு தண்ணியில விழுந்துடுச்சு. "ஐயோ என் காய்! ஐயோ என் காய்!"னு அந்தம்மா ஒரே கத்தல்.

அப்போ பாவாயிக்குக் கை ஓஞ்சு போச்சு. துடுப்பை மடியில வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அழும்போதே ஒண்ணு பாத்தா. விழுந்த பூசணிக்கா எல்லாம் சுழியோட சேந்து ஒரு சுத்து சுத்துது, ரெண்டு சுத்து சுத்துது, அப்புறம் தானா வெளிய வந்து ஆத்தோட போகுது. பூசணிக்காகிட்டத் துடுப்பா இருக்கு? அது சண்டையே போடல. இவளும் சும்மா இருந்தா. சும்மா இருந்ததும் பரிசலும் மெதுவா வெளிய வந்து பாறை ஓரமா ஒதுங்கிடுச்சு. இன்னொரு பரிசல்ல வந்து கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க.

தூங்கிட்டியா? ம்? சரி சரி.

மூணாவது தடவை ஏற யாருமே வரல. யாரு வருவா, நானா இருந்தாலும் வர மாட்டேன். கடைசியில அவ அம்மா சீலையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்தாங்க. "எம் மக ஓட்டினா நான் ஏறுவேன். சுத்தினா சுத்தட்டும், கண்ணை மூடிக்கறேன்"னாங்க. நிஜமாவே கண்ணை இறுக்க மூடிக்கிட்டு உக்காந்தாங்க. சளக், கிறுகிறு, சளக், கிறுகிறு. திட்டு போச்சு, பாறை போச்சு, பரிசல் எங்கெங்கயோ போயி ஒரு கரையில தொப்புனு இடிச்சு நின்னுச்சு. அம்மா கண்ணைத் திறந்து, "அக்கரை வந்துட்டமா? அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கே. நம்ம எருமை மாதிரியே ஒரு எருமை கூட நிக்குது பாரு!"

அது நம்ம எருமையேதான். அக்கரைக்குன்னு கிளம்பி, கீழ ரொம்ப தூரம் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயி, இக்கரையிலயே வந்து சேந்துட்டாங்க! அங்க ஒரு பெரிய மருத மரம். வேரெல்லாம் ஆத்துக்குள்ள இறங்கியிருக்கு. அந்த வேருக்கு நடுவுல பாத்தா, போன தடவை விழுந்த பூசணிக்கா எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு. "நீங்களும் இங்கதான் வந்தீங்களா?"ன்னா பாவாயி. அந்தக் காயையெல்லாம் பொறுக்கிக்கிட்டுப் போய்ப் பூசணிக்காக்காரம்மாகிட்டக் குடுத்துட்டு, ஒண்ணே ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கிக் கொழம்பு வெச்சாங்க.

ஆனா வாக்கு வாக்குதானே? மூணு தடவையும் தவறிப் போச்சு. பாவாயி பரிசலைக் கவுத்துப் போட்டா. உள்ள கோழி போயி கொக்கொக்கொக்குனு உக்காந்துச்சு. அவ அந்தப் பக்கமே பாக்காம வாசல் கூட்டினா. பொண்ணு கண்ணுல தண்ணி வந்தா அம்மாவுக்குத் தெரியாதா?

அப்புறம் ஆடி மாசம் வந்துச்சு. மேல மலையில மழை கொட்டோ கொட்டுனு கொட்டுச்சு. ஒரு நாள் மத்தியானம் வெள்ளியங்கிரி மாமா ஆளுங்களை அக்கரையில இறக்கி விட்டுட்டுத் தனியாத் திரும்பி வர்றாரு. அப்போ ஊஊஊன்னு ஒரு சத்தம். செம்மண் தண்ணி ஆளுயரத்துக்கு வருது! மாமாவோட பரிசல் கிறுக்குனு ஒரு சுத்து சுத்துச்சு. அவருக்கு ஆயுசுலயே மொதல் சுத்து. நாம சுத்தறமேன்னு திகைச்சுப் போயித் துடுப்பை விட்டுட்டாரு. பரிசல் அவரை மணல் திட்டுல தள்ளி விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. நாணலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சு.

ம் கொட்ட மறந்துட்ட பாரு, பயமா இருக்கா? என் கையைப் பிடிச்சுக்க.

கரையில எத்தனையோ பரிசல்காரங்க. எல்லாருக்கும் நேர் வழி தெரியும். ஆனா அந்த நேர் வழியில இப்போ மரமே வேரோட மிதந்து வருது. யாரும் இறங்கல. பாவாயி வீட்டுக்கு ஓடினா, பரிசலைத் தூக்கினா. கொக்கரக்கோன்னு கோழி நாலா பக்கமும் பறந்துச்சு. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "போகாதடி! இவ்வளவு தண்ணியில உனக்கு ஓட்ட வருமா?"

பாவாயி சொன்னா, "அம்மா, எனக்கு நேராப் போகத் தெரியாது. ஆனா தப்பாப் போனா எங்க போயி நிக்கும்னு தெரியும்."

அம்மா ஒரு நிமிஷம் அவ மூஞ்சியப் பாத்தாங்க. கையை விட்டாங்க. "அப்போ நான் மருத மரத்துக்கிட்ட நிக்கறேன்"னு சொல்லிட்டுச் சீலையைச் செருகிக்கிட்டு ஓடினாங்க.

பாவாயி ஆத்துல இறங்கி, மொதல் தடவை செஞ்ச தப்பையே வேணும்னு செஞ்சா. கிறுகிறுன்னு போயி சொரக்குனு திட்டுல நின்னா. "ஏறுங்க மாமா!" மாமா நடுங்கிக்கிட்டே ஏறினாரு. பரிசலுக்குள்ள வைக்கோலு ஒட்டியிருக்கு, அதுல ஒரு கோழி முட்டை. "இதை உடையாமப் பிடிச்சுக்கங்க மாமா"ன்னு அவர் கையில குடுத்தா. பயந்தவங்க கையில ஒரு வேலையைக் குடுத்துடணும், தெரிஞ்சுக்க.

அப்புறம் ரெண்டாவது தப்பு. நேரா யானைப்பாறைச் சுழிக்குள்ள விட்டா! "ஏ புள்ள, சுத்துதே! எதிர்ப்பக்கம் போடு!"னு மாமா அலறினாரு. பாவாயி துடுப்பை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. "சுத்தட்டும் மாமா. பூசணிக்கா மாதிரி உக்காந்திருங்க." மாமா மீசையெல்லாம் தண்ணியோட, முட்டையை ரெண்டு கையிலயும் பொத்திக்கிட்டு, பூசணிக்கா மாதிரி உக்காந்தாரு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல விசுக்குனு வெளிய வீசிடுச்சு!

அப்புறம் மூணாவது தப்பு. அது பாட்டுக்குப் போச்சு, போச்சு, போயி மருத மர வேருல தொப்புனு இடிச்சுது. அங்க அம்மா நிக்கறாங்க. மாமாவைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டுட்டு, அம்மா மகளைக் கட்டிக்கிட்டு அழுத அழுகை இருக்கே, ஊரே வந்து பிரிச்சு விட வேண்டியதாப் போச்சு. முட்டையா? உடையல.

மாமா முட்டையை அவ கையில திருப்பிக் குடுத்தாரு. அப்புறம் சொன்னாரு, "உங்க வீட்டு முறை உனக்கே கண்ணு."

"எனக்கு இன்னும் நேராப் போக வரலயே மாமா."

"அது வரும். நாலு நாள்ல நான் காட்டித் தர்றேன். ஆனா நீ எனக்கு ஒண்ணு கத்துக் குடுக்கணும். ஒரு சுத்து சுத்தினதும் கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு. இத்தனை வருஷம் தவறாம ஓட்டினேன்னு பெருமையா இருந்தேன். தவறினா என்ன செய்யறதுன்னே தெரியாம இருந்திருக்கேன் பாரு."

வெள்ளம் வடிஞ்சதும் பாத்தா, மீசைக்கார மாமா நடு ஆத்துல கிறுகிறு கிறுகிறுன்னு சுத்தறாரு, பசங்க எல்லாம் கை தட்டுறாங்க, அவரு தலை சுத்தித் தொப்புனு விழுந்து எந்திரிச்சுச் சிரிக்கறாரு! பாவாயியும் ஐப்பசிக்குள்ள நேரா ஓட்டப் பழகிட்டா. அதுல இருந்து அந்தத் துறையில புதுசா யாரு துடுப்பு கேட்டு வந்தாலும் ஒரே கேள்விதான் கேப்பாங்களாம். "எங்கெங்க போய்த் தொலைஞ்ச, சொல்லு." சொன்னாத்தான் துடுப்பு. சொல்லத் தெரியலைன்னா, "போ, போயிச் சுத்திட்டு வா"ம்பாங்களாம்.

அவ்வளவுதான். கதை கரை சேந்தாச்சு, பரிசலைக் கட்டியாச்சு, கோழி பாவம் வேற இடம் தேடிக்கிச்சு. கண்ணை மூடு.

என்ன முனகுற? நாளைக்குச் சைக்கிளுக்குப் பின்னால அத்தை பிடிக்கக் கூடாதா? விழுந்துடுவடி.

விழுந்தா விழறியா?

சரி. பிடிக்கல. தெரு முனையில, அந்த மருத மரத்துக்கிட்ட நிக்கறேன். நம்ம தெருவுல மருத மரம் இல்லைன்னா என்ன, நான்தான் இருக்கேனே. ம். தூங்கு.