டைகர் கொடுத்த பரிந்துரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை இப்பவே மழித்துவிடுங்கள்!

எங்கள் கடற்கரை ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை காலி. மீன்காரி செபஸ்தியம்மாள் விண்ணப்பத்தை நீட்டினாள். முதலாளி கனகசபாபதிக்கு ஒரே சிரிப்பு.

"பரிந்துரையாளர்ங்கிற இடம் காலியா இருக்கே. அர்த்தம் தெரியுமா? உனக்குச் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. உன்னை நல்லாத் தெரிஞ்சிருக்கணும். என் காவல் நாய் டைகரை நம்புற மாதிரி நான் நம்புற ஆளா இருக்கணும்."

ஊரில் பாதிப் பேர் அவளுக்கு மாமன், மீதிப் பேர் மச்சான். வேலை போச்சு என்றே நினைத்தோம்.

"அப்படி ஒருத்தர் உங்க வாசல்லயே இருக்காரு, முதலாளி" என்றவள் விசிலடித்தாள்.

ஐயோ! கன்றுக்குட்டி உயரத்தில் பாய்ந்து வந்தது டைகர். போஸ்ட்மேனைத் தென்னைமரம் ஏற வைத்த நாய்! முதலாளியைப் பார்த்து உறுமியது. அவர் மேசைமேல் ஏறிவிட்டார். அதுவோ, தினமும் மீன்தலை போடுகிறவளின் காலடியில் புரண்டு வாலாட்டியது.

"சொந்தமும் இல்ல, என்னை நல்லாவும் தெரியும். உங்களுக்கு நம்பிக்கைதானே, முதலாளி?"

மேசைமேல் நின்றபடியே வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நானும் அந்தக் கேட் வழியாகத்தான் போகவேண்டும். டைகருக்கு என்னைத் தெரியாது.